நான் வரவில்லை என்று ஒரு வரி

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமுமாக அக்காவுக்குத் தம்பி எழுதுவது,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், நான் இங்கேதான் இருக்கிறேனா என்பதையே நீதான் எழுத்துமூலம் உறுதி செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆறு வருஷமாக எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, எதற்கோ அடிபோடுகிறான் என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய். கடிதத்தைக் கிழித்துவிடாதே. கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் "என் தம்பி வீட்டுக்கு வரவில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பிவிடு. பொய் சொல்ல வேண்டிய சங்கடம்கூட உனக்கு இல்லை. நான் வராததை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு வரி வரவில்லையென்றால் என்னைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். வேலையிலிருந்து நீக்குவது வேறு, இது வேறு. விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

முதலில் ஒரு உண்மை. நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி இதுவரை உனக்கு எழுதியதெல்லாம் புளுகு. துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று எழுதினேனே, இங்கே பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் சுட்டிருக்கிறோம், அதுவும் துரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் தரை. நடுவில் முள்கம்பி வேலி. வேலிக்குள் ஒரு இரும்புக் கோபுரம், அதன் அடியில் இரண்டு நீளக் கொட்டகைகள், அவற்றில் பதினோரு பேர். கோபுரம் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால் ரகசியம் என்பார்கள். ரகசியம் என்று சொன்னவருக்காவது தெரியுமா என்றால் அவரும் முழிப்பார். எங்கள் வேலை, அந்தக் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே நாங்கள் வேலையை மிகச் சிறப்பாகச் செய்துவருகிறோம்.

இந்தச் சிறப்பைத் தாங்குவது எப்படி இருக்கும் தெரியுமா? நடைபாதை ஓரக் கற்களுக்கு இடது கோடியிலிருந்து வெள்ளையடித்துக்கொண்டே போவோம், வலது கோடியை அடையும்போது இடது கோடி வெளுத்துப்போயிருக்கும், திரும்ப ஆரம்பிப்போம். திங்கட்கிழமை பள்ளம் தோண்டுவோம், வியாழக்கிழமை மூடுவோம். சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டையும் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவோம் என்பதால் சீட்டாட்டமும் செத்துப்போனது. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லாத கதை என்று ஒன்றும் பாக்கி இல்லை. பக்கத்துக் கட்டில்காரன் வயர்லெஸ் பெட்டியைக் கவனிக்கிறவன், அவனை ரேடியோக்காரன் என்போம். அவன் கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன கதையை இப்போது அவனைவிட நானே நன்றாகச் சொல்கிறேன். போன வாரம் இடையில் ஒரு இடத்தை விட்டுவிட்டேன் என்று அவன் கோபித்துக்கொண்டான்.

வந்த வினை எல்லாம் இந்த வேலையின்மையால்தான். காலையில் எட்டு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் பதினோரு பேரில் ஒருவரான பொறுப்பாளர் தன்னையும் சேர்த்து எண்களைக் கூப்பிடுவார். அவருக்குப் பேச்சைவிட ஊதல் அதிகம், அதனால் பெயர் விசில். "ஒன்று" என்றால் ஒன்றாம் எண்காரன் "ஆஜர்" என்று கத்த வேண்டும். என் எண் ஏழு. ஒன்றும் நடக்காத இடத்தில் பதினோரு பேர் எதற்கு நிற்பது என்று, ஒருவர் தூங்கினால் இன்னொருவர் அவருக்கும் சேர்த்து "ஆஜர்" சொல்லும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. போகப் போக அது வித்தையாகிவிட்டது. சமையல்காரர் நான்கு குரலில் சொல்வார். மழைக்காலத்தில் இரண்டே பேர் நின்று பதினோரு ஆஜரையும் சொல்லி முடித்த நாள் உண்டு. விசில் தலையைத் தூக்கவே மாட்டார். காதில் பதினொன்று விழுந்தால் அவருக்குப் போதும். இல்லாதவனுக்காகக் குரல் கொடுக்கிறோமே, அந்தக் குரலைக் கேட்டு எதுவாவது வந்து நின்றால் என்ன செய்வது என்று யாருமே யோசிக்கவில்லை. யோசிக்க எவ்வளவு நேரம் இருந்தது பார்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி விசிலுக்கும் பொழுது போகவில்லை. போகாததால் வாயில் பதிவேட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறார். வாயிலில் காவல் நிற்பவன் பெயர் தூங்குமூஞ்சி, பெயரே போதும். வெளியே போகிறவர், உள்ளே வருகிறவர் எண்ணிக்கையை அவன் குறிக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும்தான், யார் எவர் என்பதெல்லாம் கிடையாது. அதில் ஒன்றாம் தேதி, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, அவன் கையெழுத்தில், "வெளியே: ஒருவர்" என்று இருக்கிறது. உள்ளே வந்ததாகக் குறிப்பு இல்லை. விசில் ஓடிவந்து எங்களை வரிசையில் நிற்கவைத்து, பதினான்கு வருஷத்தில் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, விரலை நீட்டி எண்ணினார். பதினோரு பேரும் இருந்தோம்.

"யாருடா போனது?" என்று தூங்குமூஞ்சியைப் பிடித்து உலுக்கினார்.

"பையோட ஒருத்தர் போனாருங்க. வரேன்னு கையைக் காட்டினாரு. நானும் காட்டினேன்."

"மூஞ்சியப் பாக்கலையா?"

"பாத்தேனே. நம்ம ஆளு மூஞ்சிதான். தெனமும் பாக்குற மூஞ்சிங்க, அதுல யாருதுன்னு எப்படிங்க சொல்றது?"

எழுதினதை அடித்துவிடலாம் என்றால், அந்தப் பதிவேட்டில் பக்கம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு முத்திரை குத்தியிருக்கிறது, அடித்தாலோ கிழித்தாலோ ராணுவக் கோர்ட்டு. மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். எட்டாம் தேதி ஒரு அதிகாரி வந்து இறங்கினார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, முகத்திலும் இல்லை. வாயில் பதிவேட்டையும் ஆஜர் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒருத்தர் வெளிய போயிருக்கார். அப்ப இங்க பத்துப் பேர்தான் இருக்கணும்."

"இல்லைங்க ஐயா, எண்ணிப் பாருங்க. பதினோரு பேரும் இருக்கோம்" என்றார் விசில்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன். ஒருத்தர் கூடுதலா இருக்கீங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா, பட்டப்பகல். வெயில் கொளுத்துகிறது. கோபுரத்தின் நிழல் எங்கள் காலடியில் கிடக்கிறது. அந்த வெளிச்சத்தில் பதினோரு முகமும் தெரிந்த முகமாகவே இருந்தன. அதுதான் கோளாறு. தெரியாத முகம் ஒன்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்போம்.

அதிகாரி முடிவு சொன்னார். போனவர் வீட்டுக்குத்தான் போயிருப்பார். ஆகவே ஒவ்வொருவரும் வீட்டுக்கு எழுதி, "எங்கள் ஆள் இங்கே வரவில்லை" என்று கையெழுத்துக் கடிதம் வாங்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, அதாவது வருகிற சனிக்கிழமை, திரும்பி வருவார். யாரிடம் கடிதம் இல்லையோ அவர் நீக்கப்படுவார். சமையல்காரர் தைரியமாக, "நீக்கினா அவரை எங்கங்க ஐயா அனுப்புவீங்க?" என்று கேட்டார். "எங்க அனுப்புறது? அவர்தான் ஏற்கெனவே போயிட்டாரே" என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டியில் ஏறினார்.

அன்றிலிருந்து இங்கே நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். ஒருவரை ஒருவர் கிள்ளிப் பார்த்தோம். கிச்சுகிச்சு மூட்டினோம். எல்லாருக்கும் வலித்தது, எல்லாரும் சிரித்தோம், ஒன்றும் தெரியவில்லை. ரேடியோக்காரன்தான் ஒரு யோசனை சொன்னான்: "நம்மள மாதிரி வந்து உக்காந்திருக்குறது எதுவோ, அதுக்கு நம்ம மூஞ்சி வரும், குரல் வரும். ஆனா அலுப்பு வராது. எவனுக்கு இங்க அலுக்கலையோ அவன்தான்." இதைக் கேட்டதும் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்தோம். அடடா, என்ன கொட்டாவி! தாடை பிடித்துக்கொண்டு ஒருவருக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டியதாயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பதில் போட்டி வைத்து யார் முதலில் தாங்க முடியாமல் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். தூங்குமூஞ்சி பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டான், அவனுக்கு மானமே போனது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டபோது மணி ஐந்து என்றார்கள், உட்கார்ந்தது ஒன்றரைக்கு. எனக்குக் கண் மூடித் திறந்த மாதிரி இருந்தது. "தூங்கிட்டேன்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். தூங்கவில்லை, அக்கா.

போகட்டும். மற்ற பத்துப் பேருக்கும் வீட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தூங்குமூஞ்சியின் பெண்டாட்டி, "வரவில்லை. வரவும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதக்கம் வாங்கியவன் மாதிரி நடக்கிறான். விசிலுக்கு அவர் மனைவி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார், அதில் வரவில்லை என்பது முதல் வரி, மீதி எல்லாம் வந்தால் என்ன நடக்கும் என்பது. எல்லாரும் அன்றே எழுதிப் போட்டார்கள். நான் எழுதி எழுதி நான்கு தாளைக் கிழித்தேன். உனக்கு எந்த முகத்தோடு எழுதுவது?

ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் பெரியவள் கல்யாணத்துக்கு வராமல், எல்லையில் பதற்றம், லீவு இல்லை என்று எழுதினேன். அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த ரேடியோக்காரன் அழைக்காமலே கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, "அவரா? அங்க ஜாலியா சீட்டாடிட்டு இருக்காரு" என்று உன்னிடமே சொல்லிவிட்டுப் போனான். நீ அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நியாயம். அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டினவள் நீ. உன் பெண் கல்யாணத்துக்கு நான் வராமல் யார் வருவது? லீவு இருந்தது, அக்கா. கையில் லீவு உத்தரவு இருந்தது, இங்கே எழுத்தர் நான் என்பதால் நானே டைப் அடித்தது. வந்தால் நாலு பேர் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பார்களே, ஒன்றும் நடக்காத இடத்தில் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நீ வேறு ஊரெல்லாம் என் தம்பி போர்முனையில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருந்தாய். வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு தினமும் மதியம் மூன்றரைக்கு மேல், எல்லாரும் படுத்திருக்கும் நேரத்தில், பையைத் தூக்கிக்கொண்டு வாயில் வரை நடப்பேன். இன்றைக்குப் போய் அக்கா காலில் விழுந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போவேன். வாயிலை மறிக்கும் குறுக்குக் கம்பிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பேன். பிறகு திரும்பி வந்து பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வேன். ஆறு வருஷம், ஒரு நாள் விடாமல். ஒன்றாம் தேதியும் போனேன். ஒன்றாம் தேதியும் திரும்பினேன். திரும்பியது நன்றாக நினைவிருக்கிறது. கம்பி என் முதுகுக்குப் பின்னால் உயர்ந்து இறங்கிய சத்தம்கூட நினைவிருக்கிறது. காற்றாக இருக்கும்.

ஆனால் பை கட்டிலுக்கு அடியில் இல்லை. இந்தப் பயல்கள் யாராவது விளையாட்டுக்கு எடுத்து ஒளித்திருப்பார்கள், வேறென்ன?

இப்போது புரிகிறதா எனக்கு உன் கடிதம் ஏன் வேண்டும் என்று? நான் கடிதம் இல்லாதவன் என்று ஆனதிலிருந்து இவர்கள் நடந்துகொள்கிற விதமே மாறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் என் இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் விடுகிறார்கள். சமையல்காரர் தட்டை வைத்துவிட்டு, குறைகிறதா என்று நின்று பார்க்கிறார். ரேடியோக்காரன், என் ரேடியோக்காரன், கட்டிலை அந்தப் பக்கச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். கேட்டால் காற்று வரவில்லையாம். நேற்றுக் காலை விசில் "ஏழு" என்றார். நான் "ஆஜர்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தலையைத் தூக்கி, வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்து, "இப்ப யாருய்யா சொன்னது?" என்று கேட்டார். நான் கையைக்கூடத் தூக்கினேன், அக்கா.

அதனால் தயவுசெய்து அந்த ஒரு வரியை எழுது. கோபத்தை அப்படியே வைத்துக்கொள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி பெண்டாட்டி மாதிரி "வரவும் வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டாலும் சரி. நான் வரவில்லை என்று மட்டும் எழுதிவிடு. சாமான் வண்டி இன்று போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்பும். அதில் உன் கடிதம் இருக்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பெரியவளும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், நேரில் வந்து சொல்லாத வாழ்த்து ஆறு வருஷம் கழித்தும் செல்லும் என்றால் சொல்லிவிடு. சின்னவன் என்னைவிட உயரமாக வளர்ந்திருப்பான், அவனுக்கு என் ஆசிகள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட (அந்தக் கல்யாணம் தவிர),
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சாமான் வண்டி வந்தது. தபால் பையில் உன் கையெழுத்தில் ஒரு கடிதம். எனக்கு இல்லை, "பொறுப்பு அதிகாரி அவர்களுக்கு" என்று போட்டிருந்தாய். இங்கே வரும் கடிதத்தையெல்லாம் எழுத்தர் என்ற முறையில் பிரிப்பவன் நான்தான். பிரித்தேன். "ஐயா, என் தம்பி ஒன்றாம் தேதி புறப்பட்டு மறுநாள் காலை பையோடு வந்து சேர்ந்தான். ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறான். வாசலிலேயே காலில் விழுந்து அழுதான். லீவு எப்போது முடிகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். 'அங்கே எனக்குப் பதிலாக ஆள் இருக்கிறது' என்று சொல்லிச் சிரிக்கிறான். முகத்தைப் பார்த்தால் பிள்ளை ரொம்ப அலுத்துப்போயிருக்கிறான், ஐயா. கொஞ்ச நாள் கூடுதலாக விடுவீர்களா?" என்று எழுதியிருக்கிறாய்.

முதலில் ஆத்திரம் வந்தது. எவனோ என் பையைத் தூக்கிக்கொண்டு போய், என் அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டானே என்று. பிறகு உன் கடிதத்தை இரண்டாவது முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தபோது, எவனோ என்று யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் விட்டுத்தள்ளு. அவன் வரவில்லை என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதே. வந்தவனைத் திருப்பி அனுப்பாதே. சனிக்கிழமை "ஏழு" என்று கூப்பிடும்போது நான் வாயைத் திறக்கப் போவதில்லை. எனக்காக யாரும் குரல் கொடுக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஏழாம் எண்ணை நீக்கிவிட்டால் அங்கே இருக்கிறவனை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். ரேடியோக்காரன் கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போன கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இடையில் ஒரு இடத்தையும் விடவில்லை.

உன்னிடம் ஒரே ஒரு உதவி. வெள்ளிக்கிழமை வண்டிக்குள் எழுதிப் போடு, சனிக்கிழமைக்குப் பிறகு எழுதிப் பயன் இல்லை. அவன் உன் காலில் விழுந்தபோது நீ என்ன சொன்னாய்? அது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.